கதவைத் தட்டாத செய்தி

(நமது சங்கத்தின் குடியரசு தின விழாவில், பி பிளாக்கில் வசிக்கும் கல்லூரி மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் வெளியிடுகிறோம்.)



கொடியேற்றியாயிற்று, மிட்டாயும் கொடுத்தாயிற்று. அடுத்தது டிபன்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார் செயலாளர் அங்கிள். கால் மணி நேரம்தான் பேசுவேன். பொங்கல் ஆறாது.

அவர் கொடுத்த தலைப்பு "டிஜிட்டல் தகவல் தொடர்பும் சமூகமும்". கல்லூரியில் நான் படிப்பதும் அதுதான். தேர்வில் இதே தலைப்பில் பத்து மதிப்பெண் கேள்வி வரும். நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, முடிவுரை என்று எழுதிவிட்டு வருவோம். இன்று அப்படிப் பேசப் போவதில்லை. ஒரே ஓர் இரவைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த இரவில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 26. சுனாமி வந்து பத்தொன்பது ஆண்டு நிறைவடைந்த நாள். காலையில் நம் கடற்கரைக் குப்பங்களில் கடலில் பால் ஊற்றி, பூப் போட்டு அஞ்சலி செலுத்தினார்கள். அன்று இரவு பதினொன்றே முக்கால் மணி அளவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம், கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கரையிலுள்ள ஓர் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தூக்கத்திலிருந்து எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலரை மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். தொழிற்சாலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது என்றும், இருக்க வேண்டிய வரம்பு 400 என்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு தெரிவித்தது.

இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அந்த நேரத்தில் நமக்கு என்ன தெரிந்தது?

நம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவுக்குப் பின் முதல் செய்தி வந்தது. "ஏதோ ஸ்மெல் வருது, யாருக்காவது வருதா?" அடுத்த அரை மணி நேரத்தில் குழு நிரம்பி வழிந்தது. நிஜமாகவே எத்தனை வீட்டுக்குள் வாடை வந்தது, எத்தனை வீட்டில் பயத்தால் வந்ததாகத் தோன்றியது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. என் தோழியின் உறவினர் அனுப்பியதாக ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. "மணலியில் கேஸ் டேங்க் வெடிச்சிடுச்சு, இந்தப் பக்கம் பரவுது, உடனே காலி பண்ணுங்க." பேசியவர் யாரென்று தெரியாது. ஆனால் குரலில் அவ்வளவு பதற்றம். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. நம் குழுவிலும் இன்னும் மூன்று குழுக்களிலும் போட்டேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

கசிவு மணலியில் இல்லை, எண்ணூரில். மணலி நமக்கு மேற்கே, எண்ணூர் வடக்கே. இரண்டாம் மாடியில் ஆஸ்துமா உள்ள ஒரு சிறுவன் இருக்கிறான். நான் போட்டதைக் கேட்ட அவன் அப்பா, மணலியிலிருந்து தள்ளிப் போக வேண்டும் என்று நினைத்து, மனைவியையும் பையனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கத்திவாக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்பினார். அதாவது வாயு இருந்த திசைக்கே போனார். பாதி வழியில் எதிரே கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்து வருவதைப் பார்த்துத்தான் திரும்பினார். அதற்குள் பையனுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் கையில் இருந்ததால் தப்பித்தான். அவர்கள் என்னைத் திட்டவில்லை. இதை இங்கே சொல்லலாமா என்று கேட்டபோது, "சொல்லும்மா, நாலு பேருக்கு உதவும்" என்றார் அந்த அக்கா.

இன்னொன்று. அன்று இரவு நம் குழுவில் நூற்றுக்கும் மேல் செய்திகள் வந்தன. அதில் ஒன்று கூட தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்குப் போகவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு விஷயம் தெரிந்தது காலையில், பால் பாக்கெட் போட வந்தவர் சொல்லி. "எல்லாரும் மெசேஜ் போட்டீங்களாமே, ஒருத்தரும் என் கதவைத் தட்டலையே" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. சும்மா கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலிருந்து அவர் கதவுக்கு இருபத்திரண்டு படிதான்.

இதெல்லாம் செல்போன் வந்த பிறகு வந்த கேடு என்று சில பெரியவர்கள் நினைக்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. நவம்பரில் கோகோஸ் தீவுகளருகே அதன் கதையும் முடிந்தது. ஆனால் "மறுபடி வருகிறது" என்ற பேச்சிலேயே ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டு ஓடினார்கள். இன்றைக்கும் யாராவது கில்லாடியாக இருந்தால் "அவன் பெரிய எம்டன்" என்கிறோம். அன்று வாட்ஸ்அப்பும் இல்லை, வானொலியும் இல்லை. வதந்திக்கு வாய் மட்டுமே போதுமாக இருந்தது.

அப்படியானால் என்ன மாறியிருக்கிறது? அன்று ஒரு செய்தியை உங்களிடம் சொன்னவரின் முகம் உங்களுக்குத் தெரியும். அவர் எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர் என்றால் அதைக் கழித்துக்கொள்வீர்கள். இன்று சொன்னவரின் முகம் தெரியாது. அனுப்பியவரின் முகம்தான் தெரியும். "பி பிளாக் பொண்ணு போட்டிருக்கா, காலேஜ்ல படிக்கிற பொண்ணு, சரியாத்தான் இருக்கும்" என்று நம்பினீர்கள். யாரோ ஒருவரின் பதற்றத்துக்கு நான் என் பெயரைக் கடன் கொடுத்துவிட்டேன். ஃபார்வர்டு என்பது அதுதான்.

இது உயிரையே வாங்கும் என்பதற்கு நாம் தூரமாகப் போக வேண்டாம். 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படங்களும் குரல் பதிவுகளும் சுற்றின. நமக்கு வடக்கே பழவேற்காட்டில், மனநலம் பாதிக்கப்பட்டவராகத் தெரிந்த ஒரு மனிதரை ஊரார் அடித்தே கொன்றார்கள். அதே சமயத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மாவையும் அடித்துக் கொன்றார்கள். அவர் செய்தது குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அந்த ஊர்க்காரர்கள் யாரும் பிறவிக் கொலைகாரர்கள் இல்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள், பயந்துபோனவர்கள். நாடு முழுவதும் இப்படிச் சம்பவங்கள் நடந்த பிறகுதான், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு உலகம் முழுவதும் அதே கட்டுப்பாடு வந்தது. இன்று சில செய்திகளின் மேல் இரண்டு அம்புக்குறி பார்க்கிறீர்கள் அல்லவா? பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அதைக் கண்டதும் விரல் கொஞ்சம் தயங்க வேண்டும்.

பயம் எதிர்த் திசையிலும் ஓடும். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று சில வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. அவை பொய்யானவை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவுகளுக்குள் திருப்பூரில் நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு. ஆனாலும் பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை இங்கே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வாரம் நம் கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணனை அவர் அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிட்டு அழுதார். "ஒன்றும் இல்லை அம்மா, இங்கே சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று வீடியோ காலில் தட்டைக் காட்டினார் அவர். பொய் வந்ததும் போனில்தான், அதை உடைத்த உண்மை போனதும் போனில்தான்.

அதனால் போனைத் தூக்கிக் கடலில் போடச் சொல்லவில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் ஏற்படவில்லை என்றுதான் முதல் அறிவிப்பு சொன்னது. எர்ணாவூர் கரையில் கறுப்புக் கூழ் ஒதுங்கியதை மீனவர்கள் கண்டார்கள். செல்போனில் எடுத்த படங்கள் ஊரெல்லாம் போயின. கல்லூரி மாணவர்களும் மீனவர்களும் பணியாளர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. அந்தப் படங்களுக்கும் நான் அனுப்பிய குரல் பதிவுக்கும் என்ன வித்தியாசம்? அவை, நின்றவர் நின்ற இடத்தில் தன் கண்ணால் பார்த்து எடுத்தவை. எந்தக் கரை, எந்த நாள் என்பது தெரியும். என்னுடையதில் யார், எங்கே, எப்போது எதுவுமே இல்லை.

இப்போது சுனாமிக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே நிலநடுக்கம். நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் நம் கடற்கரைக்குச் செய்தி வரவில்லை. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இழந்தவர்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் புதுச்சேரி அருகே நல்லவாடு என்ற மீனவக் கிராமம் தப்பித்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையம் இருந்தது. அலை உயரம், வானிலை போன்றவற்றை அங்கிருந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பது வழக்கம். விஷயம் தெரிந்தவர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கடற்கரையை விட்டு விலகினார்கள்.

இந்தக் கதையைப் பாடத்தில் படித்தபோது தொழில்நுட்பத்தின் வெற்றி என்று குறிப்பெடுத்தேன். பாட்டி கேட்ட கேள்விக்குப் பிறகு மறுபடி படித்தேன். சிங்கப்பூர் போன் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஊரைக் காப்பாற்றியது ஒலிபெருக்கி. பேசியது ஊருக்குத் தெரிந்த குரல். தினமும் அது சொல்வதைக் கேட்டுப் பழகியதால் அன்றும் நம்பினார்கள். போன் இல்லாதவர், படிக்கத் தெரியாதவர், அடுப்படியில் இருந்தவர், எல்லோர் காதிலும் அது விழுந்தது. நம் குழுவில் இருந்தது முதல் பாதி மட்டும்தான். செய்தி கட்டடத்துக்குள் வந்தது. கடைசிப் படி இறங்கவில்லை.

அந்த முதல் பாதியும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரம் போய், சார்ஜ் போய், பல இடங்களில் டவரும் போய், போன் வெறும் டார்ச் லைட்டாக ஆனது நினைவிருக்கும்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று. அவசரச் செய்திக்கென்று தனிக் குழு. அதில் பொறுப்பாளர்கள் மூன்று பேர் மட்டும் எழுத வேண்டும். ரோஜாப் பூ குட் மார்னிங், தண்ணீர் லாரி, பார்க்கிங் சண்டை எல்லாம் பழைய குழுவிலேயே நடக்கட்டும். அதை நிறுத்தச் சொன்னால் என்னைத்தான் குழுவிலிருந்து நீக்குவீர்கள். அவசரக் குழுவில் எது வந்தாலும் எங்கே, எப்போது, யார் பார்த்தது என்ற மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் "உறுதி செய்யவில்லை" என்று எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநகராட்சி 1913 எண்களில் கேட்கலாம்.

இரண்டு. மாடிக்கு ஒருவர் கதவு தட்டும் பொறுப்பு. யார் வீட்டில் வயதானவர், கைக்குழந்தை, மூச்சுப் பிரச்சினை உள்ளவர் இருக்கிறார் என்ற பட்டியல் அவரிடம் இருக்கட்டும். செக்யூரிட்டி அறையும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாவிட்டாலும் அடிக்கக் கூடிய ஒரு மணி கேட் அருகே வேண்டும். தரைத்தளத்துக்கு நான் பொறுப்பு ஏற்கிறேன்.

மூன்று. போன் அமைப்பில் அரசு அவசர எச்சரிக்கை வசதியை அணைத்து வைக்காதீர்கள். 2023 அக்டோபர் 20 அன்று எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அது இந்த முறையின் சோதனைதான். இணையம் இல்லாமல், டவர் வழியாகவே வரும்.

நான்கு, இதுதான் முக்கியம். என்ன வாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இது யாரும் செய்யும் தயவு கிடையாது. போபாலுக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டின் அபாயகரமான இரசாயனங்கள் விதிகளில் 15ஆவது விதி இதைச் சொல்கிறது. விபத்து நடந்தால் பாதிக்கப்படக் கூடிய வெளிமக்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைத் தொழிற்சாலை நடத்துபவர் நேரடியாகவோ மாவட்ட அதிகாரிகள் வழியாகவோ தெரிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே செயல்படுத்த வேண்டிய அவசரத் திட்டமும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அதன் ஒத்திகையும் விதியில் இருக்கின்றன. அந்தத் தகவலைத் தமிழில், ஒரே பக்கத்தில், நம் லிஃப்ட் அருகே ஒட்டும் வகையில் தரும்படி மாவட்ட ஆட்சியருக்குச் சங்கம் மனு கொடுக்க வேண்டும். மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். டிபனுக்கு முன் கையெழுத்துப் போடுங்கள்.

அது வரும்வரை இதை மட்டும் நினைவில் வையுங்கள். அம்மோனியா வாடை வந்து நீங்கள் வீட்டுக்குள் இருந்தால், கதவு ஜன்னல்களைச் சாத்தி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் அது ஓரளவு உதவும். வெளியே இருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகுங்கள். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். இந்த நாலு வரி அன்றிரவு எனக்குத் தெரிந்திருந்தால், அந்தக் குரல் பதிவுக்குப் பதில் இதை அனுப்பியிருப்பேன். அந்தப் பையன் வீட்டிலேயே இருந்திருப்பான்.

கடைசியாக ஒரு விஷயம். தரைத்தளப் பாட்டி இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டி, உங்கள் கேள்விக்கு இப்போதும் பதில் இல்லை. அடுத்த முறை உங்கள் கதவு தட்டப்படும். அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.